பாஸ்டர் நிறுத்திய குளிசைகள்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் மனுசனின் பாதத்தைச் சாத்தான் எடுக்கவில்லை. சீனி வருத்தம் எடுத்தது. அதுவும் தானாக வந்து எடுக்கவில்லை. கதவைத் திறந்துவிட்டு, வா என்று நாங்கள் கூப்பிட்ட பிறகுதான் வந்தது. இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் சொன்னேன், பஸ்ஸில் சொன்னேன், சபை வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னேன். கேட்டவர்கள் எல்லாரும் தலையை ஆட்டிவிட்டு, "ஜெபிப்பம் பாஸ்டரம்மா" என்றார்கள். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் இடையில் கண்ணை மூட மாட்டார்கள் அல்லவா.

நாங்கள் இருப்பது வன்னியில் புளியங்குளத்தில், பெரிய வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே. தகரக் கூரை போட்ட சிறிய சபை. போர் முடிந்து மீள்குடியேறி வந்த காலத்தில் என் மனுசன் நேசராசா ஒரு மரத்தடியில் பாய் விரித்து ஆரம்பித்தது. இப்போது சீமெந்துத் தரையும் ஒலிபெருக்கியும் இருக்கின்றன. அவரை எல்லாரும் பாஸ்டர் என்பார்கள், என்னைப் பாஸ்டரம்மா என்பார்கள். எனக்கு ஜெயராணி என்று ஒரு பெயர் இருப்பது அவருக்கும் என் கூடப்பிறந்தவர்களுக்கும் மட்டும்தான் ஞாபகம்.

அவருக்குச் சீனி இருக்கிறது என்பது சில வருடங்களாகவே தெரியும். அடிக்கடி தண்ணீர் குடித்தார், அடிக்கடி சலம் கழிக்க எழும்பினார், உடம்பு வற்றிக்கொண்டே போனது. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்துவிட்டு நீரிழிவு என்றார்கள். சாப்பாட்டில் இருந்து வருகிற சீனி உடம்புக்குள் போய்ச் சேராமல் இரத்தத்திலேயே தங்கிவிடுகிறது, அப்படித் தங்கினால் காலப்போக்கில் நரம்பையும் இரத்தக் குழாயையும் பழுதாக்கும் என்று விளங்கப்படுத்தினார்கள். காலையும் மாலையும் விழுங்கக் குளிசை, மாதம் ஒருமுறை கிளினிக். இவ்வளவுதான். மனுசன் இதைச் செய்துகொண்டிருந்தால் எனக்கு இன்று எழுத ஒன்றும் இருந்திருக்காது.

பிரச்சினை குளிசையில் இல்லை, கிளினிக் வாங்கில் இருந்தது. சின்ன ஆஸ்பத்திரி. சீனிக்காரருக்கும் பிரசர்க்காரருக்கும் ஒரே நாள், உட்கார ஒரே நீள வாங்கு. ஞாயிற்றுக்கிழமை எவருடைய தலையில் கை வைத்துச் சுகமாக வேண்டும் என்று ஜெபித்தாரோ, அவரே கிளினிக் நாளில் பக்கத்தில் வந்திருந்து, "பாஸ்டருக்கும் சீனியோ" என்று கேட்பார். இவருக்கு அது பெரிய வெட்கம். தொப்பி போட்டுக்கொண்டு போவார். தொப்பி போட்டுக்கொண்டு போவது பாஸ்டர்தான் என்று ஊர் முழுக்கத் தெரியும்.

அந்த நேரத்தில்தான் உபவாச ஜெபம் வந்தது. சபைக் கட்டடத்தைப் பின்பக்கமாக நீட்ட வேண்டும் என்று எல்லாரும் உபவாசம் இருந்தோம். மற்றவர்கள் ஒரு நேரச் சாப்பாட்டை விட்டார்கள். இவர் பகல் முழுக்க வெறும் தண்ணீரில் இருந்தார். மாலையில் கொஞ்சம் கஞ்சி. குளிசையை மட்டும் நான் சண்டை பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உபவாசம் முடிந்த கையோடு கிளினிக் நாள் வந்தது. சோதித்துப் பார்த்தால் சீனி நன்றாகக் குறைந்திருக்கிறது. குறையாமல் என்ன செய்யும்? சாப்பிடாத மனுசனின் இரத்தத்துக்குள் சீனி எங்கிருந்து வரும்? ஆஸ்பத்திரி வாசலிலேயே சொன்னேன். அவர் காதில் விழவில்லை. அன்றைக்கு அவருடைய முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் நெடுநாளாகக் கண்டதில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் சபைகளின் பழக்கம் தெரியாதவர்களுக்காக ஒன்று. ஆராதனையின் நடுவில் சாட்சி நேரம் இருக்கும். கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை எவரும் எழும்பிச் சொல்லலாம். காணாமற்போன மாடு திரும்பி வந்ததையும் சொல்வார்கள், மகனுக்கு வெளிநாட்டு விசா கிடைத்ததையும் சொல்வார்கள். நல்ல பழக்கம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் சுகம் கிடைத்துவிட்டது என்று ஒருவர் ஒலிபெருக்கியில் சொன்னால் சொன்னதுதான். அதற்குப் பிறகு அவர் மருந்து எடுத்தால் கர்த்தரைப் பொய்யராக்கினார் என்று அர்த்தம். அடுத்த ஞாயிறு என் மனுசன் எழும்பி நின்று, கர்த்தர் தன் சீனியை எடுத்துப்போட்டார் என்று சாட்சி சொன்னார். சபை கைதட்டியது. வீட்டுக்கு வந்ததும் குளிசைப் பையைத் தூக்கி அலுமாரிக்கு மேலே போட்டார்.

"இஞ்சாருங்கோ, குளிசையைப் போட்டுக்கொண்டே நன்றி சொல்லியிருக்கலாம்தானே?" என்றேன்.

"சாட்சி சொன்ன பிறகு போட்டா அது விசுவாசமில்லை ராணி."

"சொல்ல முதல் என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?"

"கர்த்தரிட்டைக் கேட்டனான்."

"அவர் குளிசையை விடு எண்டு சொன்னவரோ?"

இந்த மனுசன் பேசாமல் இருந்தால், நான் சொன்னது சரி என்று விளங்கிவிட்டது என்று அர்த்தம். முப்பது வருடமாகப் பார்க்கிறேன். விளங்கினாலும் செய்ய மாட்டார். குளிசைப் பை அலுமாரிக்கு மேலேயே கிடந்தது.

நான் விசுவாசமில்லாதவள் இல்லை. கர்த்தர் சுகம் கொடுப்பார் என்று நானும் நம்புகிறேன். இந்த மண்ணில் நாங்கள் தப்பி வந்த வழிகளை நினைத்தால் நம்பாமல் இருக்க முடியாது. ஆனால், தந்துவிட்டார் என்று அவருக்கு முந்தி நாங்கள் அறிவிக்கக் கூடாது. இவ்வளவுதான் என்னுடைய வேதசாஸ்திரம்.

மாதங்கள் போயின. கட்டடம் நீட்டும் வேலை தொடங்கியது. கழற்றிய பழைய தகரங்களை அடுக்க இவரும் போய் நின்றார். ஒருநாள் வீட்டுக்குள் நடந்து வர, அவருக்குப் பின்னால் தரையெல்லாம் இரத்த அடையாளம். செருப்பைத் திருப்பிப் பார்த்தால் துருப்பிடித்த ஆணி ஒன்று ஏறி நிற்கிறது. அது செருப்பைத் துளைத்துக் காலுக்குள்ளும் போயிருந்தது. மனுசனுக்குத் தெரியவில்லை. சீனி கூடிக் கூடிக் காலின் நரம்பு செத்துப்போனால் குத்தினாலும் சுட்டாலும் தெரியாது என்பதைப் பிறகு டொக்டர் விளங்கப்படுத்தினார். அப்போது இவர் சொன்ன விளக்கம் வேறு. வலிக்காமல் கர்த்தர் காத்தாராம்.

புண் ஆறவில்லை. மஞ்சள் போட்டார், ஜெபித்த எண்ணெய் போட்டார். பெருவிரல் முதலில் சிவந்தது, பிறகு நாவல்பழ நிறமானது. மணக்கத் தொடங்கியது. அப்போதும் சப்பாத்தும் காலுறையும் போட்டுக்கொண்டு பிரசங்கத்துக்குப் போனார். வீட்டில் நடந்த சண்டைகளை நான் எழுதப் போவதில்லை. அயல்வீட்டாருக்கு அவை மனப்பாடம். கடைசியில் காய்ச்சலில் மனுசன் பிதற்றத் தொடங்கியபோது, யாரிடமும் கேட்காமல் ஓட்டோவைக் கூப்பிட்டு ஏற்றினேன். எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்படியே அம்புலன்சில் வவுனியாவுக்கு அனுப்பினார்கள்.

ஆண்கள் வார்ட். மின்விசிறிகளின் சத்தம், மருந்து மணம், அதையும் மீறி இவருடைய காலின் மணம். பார்க்க வந்த டொக்டர் இளம்பெடியன், பொறுமையாகக் கதைத்தார். விரலுக்குப் போகும் இரத்தம் நின்றுவிட்டது, சதை செத்துவிட்டது. செத்த சதையில் கிருமி குடியேறி மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. ஏறுவதற்கு முன் வெட்டி எடுக்க வேண்டும்.

"பெருவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்தாப் போதும் ஐயா. ஆனா உடனே எடுக்கவேணும்," என்றார்.

என் மனுசன் என்ன சொன்னார் தெரியுமா? "ஞாயிறு மட்டும் பொறுங்கோ டொக்டர். சபை ஜெபிக்குது."

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். நோயாளி தெளிவாக இருக்கும்போது அவருடைய சம்மதம் இல்லாமல் வெட்ட மாட்டார்கள். மருந்து ஏற்றியதில் காய்ச்சல் இறங்கி, சரியாக மறுப்புச் சொல்லும் அளவுக்கு இவருக்குத் தெளிவு வந்திருந்தது. ஊசி மருந்தும் இன்சுலினும் கொடுத்துக்கொண்டு அவர்கள் காத்திருந்தார்கள். நான் கெஞ்சினேன், ஏசினேன், ஒருநேரம் கதைக்காமலும் இருந்து பார்த்தேன். எதற்கும் மசியவில்லை.

பெண்கள் அந்த வார்டில் இரவில் தங்க முடியாது. நெளுக்குளத்தில் இருக்கும் என் தங்கச்சி ரஞ்சியின் வீட்டுக்குப் போய்விட்டு விடிய வருவேன். இரவில் துணைக்கு நின்றது ரஞ்சியின் மனுசன் சேவியர். இதை நான் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. அவர்கள் கத்தோலிக்கர். எங்கள் குடும்பமே அப்படித்தான், நான் கலியாணத்தோடு இந்தப் பக்கம் வந்தவள். ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போன இடத்தில், மாதா சுரூபத்தைக் காட்டி இவர் விக்கிரகம் என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு சேவியர் இவரோடு முகம் கொடுத்துக் கதைத்ததில்லை. அந்தச் சேவியர்தான் இரவிரவாகச் சலப்போத்தல் பிடித்தார், வாந்தி அள்ளினார், காலையில் முகம் கழுவித் துடைத்துவிட்டு வேலைக்குப் போனார். நான் நன்றி சொல்ல வாய் திறந்தால், "தேத்தண்ணி குடிச்சனீங்களோ மச்சாள்" என்று கதையை மாற்றிவிடுவார். ரஞ்சி இவருக்கென்று, சீனிக்கு நல்லது என்று, குரக்கன் புட்டும், எனக்கென்று நல்ல உறைப்பாக மீன்குழம்பும் தனித்தனியாகக் கட்டித் தருவாள். அந்த நாட்களில் எனக்கு விளக்கம் ஒன்றும் சொல்லாமல் இருந்தவர்கள் அவர்கள் இருவரும்தான்.

மற்றவர்கள் எல்லாரும் விளக்கத்தோடு வந்தார்கள். பார்வையாளர் நேரம் தொடங்கினால் எங்கள் சபைச் சனம் கட்டிலைச் சுற்றி நிற்கும். இது சாத்தானின் தாக்குதல் என்றார் ஒருவர். கட்டடம் எழும்புவது சாத்தானுக்குப் பொறுக்கவில்லையாம். பரிசுத்தவான்களுக்குத்தான் பெரிய சோதனை வரும் என்றார் இன்னொருவர். புஷ்பம் சிஸ்டர் தரிசனம் சொல்கிறவர். அவர் கண்ணை மூடிச் சிறிது நேரம் ஆடிவிட்டு, இந்த வீட்டுக்குள் அவிசுவாசம் ஒன்று இருக்கிறது என்றார். கண்ணைத் திறந்தபோது நேரே என்னைத்தான் பார்த்தார். குளிசையைப் போடச் சொன்னவள் நான், ஆகவே கால் அழுகியதற்கும் நானே காரணம். இந்தக் கணக்கை எங்கே படித்தார்களோ தெரியாது.

பக்கத்துக் கட்டிலில் முல்லைத்தீவில் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் பெரியவர். அவருக்கும் காலில் சீனிப்புண்தான். எங்கள் ஆட்களின் ஜெபம் உச்சத்துக்குப் போய் அடங்கியதும் மெதுவாக என்னைக் கூப்பிட்டார். "அடுத்தமுறை என்ர காலுக்கும் சேத்துக் கேக்கச் சொல்லுங்கோ அம்மா. ஆனா கொஞ்சம் மெதுவாக் கேக்கச் சொல்லுங்கோ." ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு நான் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

ஞாயிறு வந்தது, போனது. திங்கள் காலை கட்டை அவிழ்த்த டொக்டரின் முகம் மாறியது. கறுப்பு, விரலடியைத் தாண்டி நடுப்பாதத்துக்கு வந்துவிட்டது. இனி இரண்டு விரல் கணக்கில்லை, முன்பாதத்தையே எடுக்க வேண்டும். இன்னும் பிந்தினால் முழங்காலுக்குக் கீழே. இந்தமுறை டொக்டர் பொறுமையாகக் கதைக்கவில்லை. என் மனுசன் தன் காலைக் குனிந்து பார்த்தார். இத்தனை நாளும் அவர் அதைப் பார்க்கவேயில்லை, கட்டு அவிழ்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பார்த்துவிட்டு, "வெட்டுங்கோ" என்றார்.

ஒப்பரேசன் தியேட்டருக்கு வெளியே ரஞ்சியும் நானும் கதிரையில் இருந்தோம். அவள் செபமாலை உருட்டினாள். நான் எனக்குத் தெரிந்தபடி ஜெபித்தேன். ஜெபத்தின் நடுநடுவே ஆத்திரம் வந்து வந்து போனது. இரண்டு விரலோடு போயிருக்க வேண்டியது. இந்த எண்ணம் இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை. வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது பாதம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டு, மிகவும் கட்டையாக. மனுசன் மயக்கத்தில் என் கையைத் தேடினார். கொடுத்தேன். கோபம் வேறு, கை வேறு.

அதோடு முடிந்திருந்தால் இதை ஒரு கால் போன கதை என்று எழுதி முடித்திருப்பேன். வெட்டிய பிறகு ஒருநாள் செல்வமணி அக்கா வந்தார். மலையகத்தில் பிறந்து, சின்ன வயதில் கலவரத்துக்குத் தப்பித் தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்தவர். வயல் கூலி வேலை. அவருடைய மனுசன் செத்தபோது அடக்கத்தை என் மனுசன்தான் முன்னுக்கு நின்று நடத்தினார். அதிலிருந்து அவர் ஒரு ஆராதனை தவறவிட்டதில்லை. இரண்டு பஸ் மாறி, ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். கட்டிலடியில் நின்று கொஞ்ச நேரம் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இவருக்கு ஆறுதல் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"நீங்க ஒண்ணும் சோர்ந்து போகாதீங்க பாஸ்டர். நீங்க சாட்சி சொன்ன அன்னிக்கே நானும் சீனி மாத்திரைய விட்டுட்டேங்க. இன்னிக்கு வரைக்கும் கிளினிக் பக்கம் போகல. கர்த்தர் நல்லா வச்சிருக்காரு."

நான் என் மனுசனைப் பார்த்தேன். இப்போது சொல்வார் என்று பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஜெபிப்பம் அக்கா" என்றார். ஜெபித்தார். நல்ல உருக்கமான ஜெபம். என் வாழ்க்கையில் ஒரு ஜெபத்தைக் கேட்டு எனக்கு அப்படிக் கோபம் வந்ததில்லை.

நான் செல்வமணி அக்காவோடு வாசல் வரைக்கும் நடந்தேன். வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். உபவாசத்தால் குறைந்த சீனியைச் சொன்னேன், ஆணியைச் சொன்னேன், நாளைக்கே கிளினிக்குக்குப் போங்கோ அக்கா என்று கையைப் பிடித்துக் கேட்டேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க சொல்றீங்க பாஸ்டரம்மா," என்றார். "பாஸ்டர் சொல்லலியே."

திரும்பி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். "ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"ராணி, அந்தச் சனத்தைப் பார். வீடு போச்சு, பிள்ளையளைச் சண்டைக்குக் குடுத்துப்போட்டு வந்ததுகள். கர்த்தர் உங்களைக் கைவிடமாட்டார் எண்டு நான்தான் சொன்னனான். என்ர சாட்சி பொய்யெண்டா, நான் சொன்ன அதுவும் பொய்யெண்டு நினைப்பினம். பிறகு அதுகளுக்கு என்ன இருக்குது?"

அது சும்மா சொன்ன சாட்டு இல்லை என்று எனக்குத் தெரியும். நானும் அந்தச் சனத்தில் ஒருத்திதான். ஆனாலும் விட்டுக்கொடுக்க முடியவில்லை.

"அதுக்காகக் காலையும் குடுக்கச் சொல்லுறீங்களோ? உங்கட கால் உங்கட முடிவு. நான் அதோட மாரடிச்சிட்டன். அவவின்ர கால் போனா நான் உங்களோட இருக்கமாட்டன். பளையிலை என்ர தமையன் வீடு இருக்குது, போயிடுவன்."

முப்பது வருடத்தில் அந்தப் பேச்சை நான் எடுத்ததில்லை. பக்கத்துக் கட்டில் பெரியவர் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

வீட்டுக்கு விட்டார்கள். தினமும் புண்ணுக்கு மருந்து கட்டவேண்டும், இன்சுலின் ஊசி போடவேண்டும். நானே பழகிக்கொண்டேன். செல்வமணி அக்கா வீட்டுக்கு நான் இன்னும் இரண்டுமுறை போனேன். ஒவ்வொருமுறையும் தேத்தண்ணி தந்து அனுப்பினார். இவர் வாயைத் திறக்கவில்லை. நான் சமைத்தேன், மருந்து கட்டினேன், கதைக்கவில்லை. ஒரு சின்னப் பையில் என் சேலைகளை மடித்து அவர் கண்ணில் படும்படி கதிரையில் வைத்தேன்.

அவர் சபைக்குத் திரும்பிய ஞாயிறு, சேவியரும் இன்னொருவரும் கதிரையோடு தூக்கிக்கொண்டு போய் முன்னால் இருத்தினார்கள். கத்தோலிக்கச் சேவியர் எங்கள் சபைக்குள் கால் வைத்தது அதுதான் முதல்முறை. இவர் பிரசங்கித்தார். கர்த்தர் சிலவற்றை அனுமதிக்கிறார் என்றார். அனுமதித்தாராம். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். சாட்சி நேரம் வந்தது. செல்வமணி அக்கா எழும்பி ஒலிபெருக்கியை வாங்கினார்.

"நானும் ஒரு சாட்சி சொல்லணுங்க. நம்ம பாஸ்டர் சொன்ன சாட்சிய வச்சு நானும் சீனி மாத்திரைய நிப்பாட்டி…"

"ஸ்தோத்திரம்" என்று சபை தொடங்கிவிட்டது.

"அக்கா, பொறுங்கோ," என்றார் என் மனுசன். ஒலிபெருக்கி இல்லாமலே சொன்னார், ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "நான் முதல் சொல்லவேணும்."

கட்டுப் போட்ட காலைத் தூக்கி முன்னால் இருந்த வாங்கில் வைத்தார், எல்லாரும் பார்க்க.

"எனக்குச் சீனி குறைஞ்சது நான் சாப்பிடாமல் இருந்ததாலை. என்ர மனுசி அண்டைக்கே சொன்னவ. நான் கேக்கேல்லை. கிளினிக் வாங்கிலை உங்களுக்குப் பக்கத்திலை இருக்க எனக்கு வெக்கம். வேற காரணம் இல்லை. கர்த்தர் என்னைக் குளிசையை விடச் சொல்லேல்லை. நானா விட்டிட்டு அவரின்ர பேரைச் சொன்னனான். கர்த்தர் பொய் சொல்லேல்லை, நான்தான் சொன்னனான்."

ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. செல்வமணி அக்கா ஒலிபெருக்கியைப் பிடித்தபடி நின்றார். "அப்ப நான் என்ன செய்யட்டுங்க?" என்று கேட்டார்.

"நாளண்டைக்குக் கிளினிக். நானும் வாறன், சேந்து போவம்."

சபை கலைந்துவிடும் என்று இவர் பயந்தார் அல்லவா. நடந்ததைக் கேளுங்கள். ஆராதனை முடிந்து நான் குசினி அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒருவர் வந்து பின்கதவடியில் நின்று காதோடு சொன்னார், "பாஸ்டரம்மா, நான் குளிசையை விடேல்லை. போட்டுக்கொண்டுதான் இருக்கிறன், பாஸ்டருக்குத் தெரிஞ்சா மனம் நோவார் எண்டு சொல்லேல்லை." அவர் போக இன்னொருவர் வந்தார். அவரும் விடவில்லை. பிறகு ஒரு கணவன் மனைவி. கடைசியில் புஷ்பம் சிஸ்டர். "நான் வவுனியாவிலைதான் எடுக்கிறனான் பாஸ்டரம்மா. இஞ்ச எடுத்தாச் சனம் கதைக்கும்." கேத்தலைக் கீழே வைத்துவிட்டேன். சிரிப்பதா ஏசுவதா என்று தெரியவில்லை. சாட்சிக்குக் கைதட்டிய கைகள்தான் வீட்டுக்குப் போய்க் குளிசையும் போட்டிருக்கின்றன. எனக்கு ஒரு சொல், ஒரே ஒரு சொல், யாராவது முன்னமே சொல்லியிருக்கக் கூடாதா?

கிளினிக் நாளன்று மூன்று பேரும் ஓட்டோவில் போனோம். இவர் தொப்பி போடவில்லை. வாங்கில் எங்கள் சபைச் சனம் வரிசையாக இருந்தது. செல்வமணி அக்கா, எல்லாரும் தன்னைப் போலவே விட்டிருந்தார்கள் என்ற நினைப்பில், பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சாதாரணமாகத்தான் கேட்டார், "நீங்க எப்பருந்து திரும்பப் போட ஆரம்பிச்சீங்க?"

"நான் எங்கையக்கா விட்டனான்?" என்றாள் அவள்.

அக்கா அதற்கடுத்த ஆளிடம் கேட்டார். பிறகு அதற்கடுத்த ஆளிடம். எழும்பி வாங்கின் கடைசி வரைக்கும் போய்க் கேட்டுவிட்டு வந்து, பழைய இடத்தில் உட்கார்ந்தார்.

உள்ளே கூப்பிட்டார்கள். இரத்தம் சோதித்த நேர்ஸ் மிஸ், எண்ணைப் பார்த்துவிட்டு இன்னொருமுறை சோதித்தார். டொக்டர் அக்காவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். நரம்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு நைலோன் இழை வைத்திருப்பார்கள். அதால் பாதத்தைத் தொடும்போதெல்லாம் சொல்ல வேண்டும். அக்கா கண்ணை இறுக்க மூடி, கைகளை மடியில் வைத்துக் கவனமாகக் காத்திருந்தார். டொக்டர் விரல் விரலாகத் தொட்டார், குதிகாலைத் தொட்டார், மற்றக் காலையும் தொட்டு முடித்து இழையை மேசையில் வைத்தார்.

"நான் ரெடிங்க டொக்டர்," என்றார் அக்கா. "நீங்க தொடுங்க."

டொக்டர் மெதுவாக அக்காவைக் கண்ணைத் திறக்கச் சொல்லி, எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார். இன்றைக்கே வவுனியாவுக்குப் போய் வார்டில் நிற்க வேண்டும். காலைக் காப்பாற்றப் பார்க்கலாம், செத்த நரம்பு திரும்பி வராது. அக்கா தன் பாதங்களை ஒருமுறை பார்த்துவிட்டு என் மனுசனின் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் ஒரு துளி இல்லை.

"எல்லாரும் போட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்களாம் பாஸ்டர்," என்றார். "நான் ஒருத்திதான் உங்கள நம்புனேன்."